சோபா வாங்கப் போன சித்தப்பா: சமூக வலைத்தளத்தில் நாம் செய்யும் தவறுகள்

என் சித்தப்பா 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கடையில் கொடுக்கும் சில்லறையை மூன்று தடவை எண்ணிப் பார்த்துத்தான் பையில் போடுவார். அவரிடம் போய் யாராவது ‘உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் நிற்க வைத்து வறுத்திருப்பார். அவர்தான் மெசஞ்சரில் வந்த ஒரு சோபா செட்டை நம்பி 52,000 ரூபாயைக் கோட்டை விட்டார்.

அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பெயரும் படமும் போட்ட ஃபேஸ்புக் கணக்கிலிருந்து நட்பு அழைப்பு வந்திருக்கிறது. இவர் ஏற்கெனவே நம் நட்பில் இருக்கிறாரே என்று ஒரு நொடி தோன்றியதாம். ‘பழைய கணக்கு பாஸ்வேர்டை மறந்திருப்பார்’ என்று சித்தப்பாவே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு ‘நல்லா இருக்கீங்களா சார்?’ என்று செய்தி. கொஞ்ச நேரம் நலம் விசாரிப்பு. அப்புறம் விஷயத்துக்கு வந்தார்கள்: நண்பர் ஒருவர் சிஆர்பிஎஃப் அதிகாரி, திடீரென்று ஜம்முவுக்கு மாற்றல் வந்துவிட்டது, வீட்டுச் சாமான்களைப் பாதி விலைக்கும் கீழே கொடுக்கிறார், உங்கள் நம்பரை அவரிடம் கொடுக்கட்டுமா?

அடுத்த கால்மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. சோபா, இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், ட்ரெட்மில். இந்தி கலந்த ஆங்கிலத்தில் ‘அதிகாரி’ பேசினார். சித்தப்பா சோபாவும் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி 40,000 அனுப்பினார். சாமான் ராணுவ லாரியில் வரும், வழியில் கேட் பாஸுக்கு 12,000 கட்ட வேண்டும், இறக்கியதும் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றார்கள். அதையும் அனுப்பினார். மூன்றாவதாக இன்ஷூரன்ஸ் என்று 18,500 கேட்டபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. தலைமையாசிரியருக்கு ஃபோன் போட்டார். ‘ஐயோ சார், காலையிலிருந்து நீங்க எட்டாவது ஆள். அந்தக் கணக்கு நான் இல்லை’ என்றார் அவர்.

தமிழ்நாட்டில் இந்தச் சிஆர்பிஎஃப் சோபா கதையைக் கேள்விப்படாத தெரு குறைவு. கலெக்டர், காவல்துறை அதிகாரி, கல்லூரிப் பேராசிரியர், கோயில் டிரஸ்டி என்று நாலு பேர் மதிக்கிற யார் படத்தையும் இதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். இருந்தும் ஏன் ஏமாறுகிறோம்? ‘பேராசை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது நமக்குப் பிடிக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. சித்தப்பா சந்தேகப்படவே செய்தார். நடுவில் ஒரு இடத்தில் மெசஞ்சரிலேயே கேட்டிருக்கிறார்: ‘சார், நீங்கதானே?’ பதில் உடனே வந்தது: ‘நானேதான் சார். என்ன சந்தேகம்?’

திருடனிடமே போய் நீ திருடனா என்று கேட்ட மாதிரிதான். ஆனால் பெரும்பாலான சமூக வலைத்தள மோசடியில் நாம் செய்யும் தவறு இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள். ஒரு கணக்கின் மேல் வந்த சந்தேகத்தை அந்தக் கணக்கிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்கிறோம். ஒரு குரூப் நம்பகமானதா என்று அந்தக் குரூப்பில் இருப்பவர்களிடமே கேட்கிறோம். ஒரு செயலி நிஜமா என்று அந்தச் செயலி காட்டும் எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறோம். செய்தி வந்த வழியை விட்டு வேறொரு வழியில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் போதும். அந்தத் தலைமையாசிரியரின் பழைய நம்பர் சித்தப்பாவின் ஃபோனில்தான் இருந்தது. கடைசியில் அதற்குத்தானே கூப்பிட்டார்!

போலிக் கணக்குக்கு நாமே கொடுக்கும் மூலப்பொருள்

இந்த மாதிரி நகல் கணக்கு தொடங்க ஹேக்கிங் எதுவும் தேவையில்லை. படத்தைச் சேமிக்கிறான், பெயரைப் போடுகிறான், நண்பர் பட்டியலைத் திறந்து வரிசையாக அழைப்பு விடுகிறான். மூன்றுமே நாம் திறந்து வைத்தவை. ஃபேஸ்புக்கில் நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை ‘நான் மட்டும்’ என்று மாற்றிவிட்டால், படம் கிடைத்தாலும் யாரிடம் போய் நடிப்பது என்று அவனுக்கு எளிதில் தெரியாது. என்னைக் கேட்டால், ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய காரியங்களில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை. 2020 முதல் இந்தியாவில் சுயவிவரத்தைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. நட்பில் இல்லாதவர்கள் படங்களைப் பெரிதாக்கவோ இறக்கவோ முடியாது.

உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்துவிட்டால், ‘என் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்’ என்று ஒரு பதிவு போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவது அடுத்த தவறு. அந்தப் பதிவைப் பார்க்காத நண்பர்கள்தான் மாட்டுவார்கள். போலிக் கணக்குக்குள் போய், மூன்று புள்ளியை அழுத்தி, ‘இன்னொருவர் போல நடிக்கிறார்’ என்று புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒருவர் கொடுப்பதோடு நாலைந்து நண்பர்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் உங்களைத் தடை செய்து வைத்திருந்தால் அந்தக் கணக்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அப்போது நண்பர் ஒருவரின் ஃபோனிலிருந்துதான் செய்ய முடியும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே ஃபேஸ்புக்கோடு நிறுத்தாமல் சைபர் கிரைமிலும் பதிந்து வைப்பது நல்லது. நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் இழந்தால், அதில் உங்களுக்குச் சம்பந்தமில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆறு இலக்கம்

அத்தை மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடப் படித்த தோழி எண்ணிலிருந்து, நிஜமாகவே தோழி எண்ணிலிருந்து. ‘தப்பா உன் நம்பருக்கு ஒரு கோடு போயிடுச்சுடி, ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லேன்.’ எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கம் வந்திருந்தது. அனுப்பினாள். அனுப்பிய அடுத்த நிமிடம் அவளுடைய வாட்ஸ்அப் அவள் ஃபோனிலிருந்து வெளியேறிவிட்டது.

அந்த ஆறு இலக்கம், அவள் எண்ணில் இன்னொரு ஃபோனில் வாட்ஸ்அப் தொடங்குவதற்கான சாவி. தோழியின் கணக்கு முதல் நாளே இதே மாதிரி போயிருக்கிறது. இப்போது அத்தை மகளின் கணக்கிலிருந்து குடும்பக் குரூப்புக்குச் செய்தி போகிறது: ‘அவசரம், என் ஜிபே வேலை செய்யல, 15,000 அனுப்புங்க, சாயங்காலம் தர்றேன்.’ அண்ணன் அனுப்பிவிட்டார். தங்கை கேட்கிறாள், எப்படி யோசிப்பது?

இங்கே நடந்த தவறுகளில் கோடு சொன்னது ஒன்று. அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது, அதற்கு முன்பே செய்யாமல் விட்டது. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘அக்கவுண்ட்’ என்பதற்குள் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருக்கிறது. அதை இயக்கி, நீங்களே ஒரு ஆறு இலக்கப் பின் வைத்துவிட்டால், எஸ்எம்எஸ் கோடு திருடன் கைக்குப் போனாலும் அந்தப் பின் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதீர்கள். அது உங்கள் சுவரில் வருஷா வருஷம் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று நூறு பேரால் எழுதப்பட்டிருக்கிறது.

போனபின் செய்ய வேண்டியது எளிது: பதற்றப்படாமல் உங்கள் ஃபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து மறுபடி உங்கள் எண்ணைப் பதியுங்கள். புதுக் கோடு உங்கள் சிம்முக்குத்தான் வரும். அதைப் போட்டதும் அவன் வெளியேற்றப்படுவான். அவன் முந்திக்கொண்டு இரண்டாம் பின் ஒன்றை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் ஆகும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இருக்க முடியாது. அத்தை மகளுக்கு இது தெரியாமல், ஃபோனை அணைத்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அண்ணன் பணம் போனது.

கோடு கேட்காமலே கணக்கைப் பிடிக்கும் வழிகளும் உண்டு. ‘உங்கள் பார்சல் வரவில்லையா, இந்த எண்ணை அழுத்துங்கள்’ என்று நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கும் ஒரு நீள எண்ணைச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். அப்புறம் கோடை எஸ்எம்எஸ்ஸில் கேட்காமல், குரல் அழைப்பில் கேட்டு வாங்கிக்கொள்வான். சந்தேகமாக இருந்தால் ##002# அழுத்துங்கள், திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஒன்று அங்கே உட்கார்ந்து உங்கள் உரையாடலை எல்லாம் படித்துக்கொண்டிருக்கலாம்.

கல்யாணப் பத்திரிகையும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ‘திருமண அழைப்பிதழ்’ என்று பெயர் வைத்து, முடிவில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது பத்திரிகையே இல்லை, ஃபோனில் ஏறி உட்கார்ந்து எஸ்எம்எஸ்களைப் படிக்கும் செயலி. போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான் என்ற பெயர்களிலும் இது சுற்றுகிறது. முகூர்த்த மாதத்தில் மாமா அனுப்பினார் என்பதற்காகத் திறந்துவிடாதீர்கள். மாமாவுடைய ஃபோனே அந்தச் செயலியின் கையில் இருக்கலாம்.

‘முதலில் பணம் வந்ததே!’

டெலிகிராமில் வரும் பகுதிநேர வேலையில் மாட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் இது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய், ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு கொடுத்தால் 50 ரூபாய். மூன்று வேலை முடித்ததும் 150 ரூபாய் நிஜமாகவே வங்கிக் கணக்கில் விழும். அந்த 150தான் தூண்டில் புழு. நமக்கோ அது நிரூபணமாகத் தெரிகிறது.

அடுத்து ‘முன்பணப் பணி’ என்று ஒரு குரூப்பில் சேர்ப்பார்கள். 1,000 கட்டினால் 1,300 வரும். வரும்தான். 3,000 கட்டினால் 3,900. அதுவும் வரும். 20,000 கட்டும்போது, ‘இது மூன்று பேர் சேர்ந்து முடிக்கும் பணி, உங்களால் ஒரு தவறு நடந்துவிட்டது, சரிசெய்ய இன்னும் 45,000 கட்ட வேண்டும்’ என்பார்கள். குரூப்பில் இருக்கும் மற்ற இரண்டு பேர் கோபப்படுவார்கள்: ‘உங்களால எங்க பணமும் மாட்டிக்கிச்சு, சீக்கிரம் கட்டுங்க.’ அந்த இரண்டு பேரும் அட்மினின் ஆட்கள். பல சமயம் ஒரே ஆள், மூன்று எண்கள். கோபம்கூட நடிப்புதான் என்று மாட்டியவருக்குத் தோன்றுவதில்லை, தன்னால் பிறத்தியார் பணம் போகிறதே என்ற குற்ற உணர்ச்சியில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. பேராசைக்காரர் செய்கிற காரியமா இது?

பங்குச் சந்தைக் குரூப்புகளும் இதே கதைதான், மேடை மட்டும் பெரிது. இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம், பிரபலமான முகம் ஒன்று முதலீட்டைப் பரிந்துரைக்கிறது. 2023 டிசம்பரில் ரத்தன் டாட்டா, தான் முதலீட்டு ஆலோசனை சொல்வது போல வந்த வீடியோ போலி என்று தானே இன்ஸ்டாகிராமில் எச்சரிக்கை போட வேண்டி வந்தது. அடுத்த மாதம் சச்சின் டெண்டுல்கர், ஒரு விளையாட்டுச் செயலிக்குத் தன் முகத்தையும் குரலையும் போலியாகப் பயன்படுத்திய வீடியோவைப் பற்றி எழுதினார். முகமும் உதடும் குரலும் இன்றைக்குச் சாட்சி கிடையாது.

விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் ‘விஐபி’ குரூப். அங்கே ஒரு ‘பேராசிரியர்’, ஒரு ‘உதவியாளர்’, தினமும் லாப ஸ்க்ரீன்ஷாட் போடும் நூறு பேர். அவர்கள் தரும் செயலியில் நீங்கள் போட்ட இரண்டு லட்சம் ஒரே மாதத்தில் ஒன்பது லட்சமாகத் தெரியும். அது திரையில் தட்டச்சு செய்த எண், அவ்வளவுதான். எடுக்கப் போனால் முதலில் 20 சதவீதம் வரி கட்டு என்பார்கள். நிஜமான தரகர் எவரும் உங்கள் பணத்தை உங்களுக்குத் தர, வெளியிலிருந்து தனியாக வரிப் பணம் கேட்பதில்லை.

இங்கே படித்தவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு செபி. ‘செபி பதிவு எண் கேட்டேன், கொடுத்தார்கள், செபி தளத்தில் போய்ப் பார்த்தேன், இருந்தது’ என்பார்கள். இருக்கும்! வேறு ஒரு உண்மையான நிறுவனத்தின் எண்ணைத்தானே கொடுத்தான். எண் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், செபி தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ நீங்களாகத் தொடர்புகொண்டு, ‘இந்தக் குரூப் உங்களுடையதா?’ என்று கேட்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, செபியில் பதிந்த தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் ‘வேலிட்’ என்ற சொல் சேர்ந்த தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது. தரகர் என்று சொல்லிக்கொள்பவர் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் உள்ள நடப்புக் கணக்குக்கோ தனிநபர் கணக்குக்கோ பணம் போடச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

இதை நடத்துபவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்கட்டும். மியான்மரின் மியாவடி, கம்போடியா போன்ற இடங்களில் மதில் கட்டிய வளாகங்களில் இருந்து இந்த மாதிரி உரையாடல்கள் நடத்தப்படுகின்றன. உள்ளே உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்களில் பலர், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று இதே சமூக வலைத்தள விளம்பரத்தை நம்பிப் போய்ச் சிக்கிக்கொண்ட இளைஞர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2025 மார்ச்சில் மட்டும் விமானப்படை விமானங்களில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாய்லாந்து வழியாக மீட்டு வந்தார்கள். ஆகவே ‘சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் வெளிநாட்டு வேலை விளம்பரத்தை உங்கள் வீட்டுப் பையன் காட்டினால், பணம் போவதைவிடப் பெரிய விஷயம் அது.

பொதுவெளியில் புகார்

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, சிலிண்டர் வரவில்லை, ரயில் டிக்கெட் பணம் திரும்பவில்லை என்று எக்ஸ் தளத்திலோ ஃபேஸ்புக்கிலோ நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் சில நிமிடங்களில் அந்த நிறுவனத்தின் சின்னம் போட்ட ஒரு கணக்கு, ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் மொபைல் எண்ணை உள்பெட்டியில் அனுப்புங்கள்’ என்று வரும். நிஜக் கணக்கு பதில் சொல்வதற்குள் போலிக் கணக்கு வந்துவிடும் என்பது என் அனுபவம். கூப்பிட்டுப் பேசுபவர் ஒரு செயலியை ஏற்றச் சொல்வார், உங்கள் திரை அவருக்குத் தெரியும்.

புகாரோடு மொபைல் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். வங்கி என்றால் அதன் தளத்துக்கு நீங்களே போங்கள். ரிசர்வ் வங்கி சொன்னபடி இந்திய வங்கிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன, அடையாளம் காண்பது இப்போது சுலபம். பணம் திருப்பித் தருகிறேன் என்று யாராவது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னாலோ பின் போடச் சொன்னாலோ, பணம் உங்களிடமிருந்துதான் போகப்போகிறது. யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை.

மானம் போகும் என்ற பயம்

இதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை, அதனால்தான் இது இவ்வளவு நன்றாக நடக்கிறது. அழகான டிபி வைத்த ஒரு பெண் கணக்கிலிருந்து நட்பு அழைப்பு. இரண்டாம் நாள் வாட்ஸ்அப் எண். மூன்றாம் நாள் ராத்திரி வீடியோ அழைப்பு. எடுத்த சில நொடிகளில் எதிர்த் திரையில் ஆபாசம், கூடவே உங்கள் முகம் பதிவாகிவிடும். அரைமணி நேரத்தில் அந்த வீடியோவும் உங்கள் நண்பர் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்டும் வரும். (நண்பர் பட்டியலை மூடுங்கள் என்று சொன்னேனே, இதற்கும் சேர்த்துத்தான்.) பணம் கொடுத்தால் மறுநாள் ‘டெல்லி சைபர் போலீஸ்’ பேசுவார், ‘யூடியூப் அதிகாரி’ பேசுவார், வீடியோவை நீக்கத் தனித்தனிக் கட்டணம். எல்லாம் ஒரே கும்பல்.

பணம் கொடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. கொடுக்கிறவர் என்று தெரிந்துவிட்டால் விடவே மாட்டார்கள். கொடுக்காதவரிடம் ஒன்றிரண்டு நாள் மிரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அவர்களுக்கு இது எண்ணிக்கைத் தொழில். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தடை செய்யுங்கள். உங்கள் அந்தரங்கப் படமோ வீடியோவோ நிஜமாகவே அவனிடம் இருக்கிறது என்றால், ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க் என்ற தளம் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் எண் வடிவக் கைரேகையை மட்டும் உங்கள் ஃபோனிலேயே உருவாக்கி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்குக் கொடுத்து, அங்கே ஏறாமல் தடுக்க உதவுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் ‘டேக் இட் டவுன்’ என்று இதே மாதிரி தனிச் சேவை உண்டு. பிள்ளைகளிடம், ‘எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னபடி அடிக்காமலும் இருக்க வேண்டும்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பதும் பயத்தில்தான் நடக்கிறது. வீடியோ அழைப்பில் சீருடை, பின்னால் அசோகச் சின்னம், உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் இதைச் சொன்ன பிறகும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காரணம், அழைப்பைத் துண்டிக்காதே, யாரிடமும் பேசாதே என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை. வேறு வழியில் போய்ச் சரிபார்க்கக் கூடாது என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது.

கணக்கை வாடகைக்கு விட்ட மாணவன்

சித்தப்பாவின் 40,000 முதலில் போய் விழுந்தது ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில். இப்படிப்பட்ட கணக்குகள் எங்கிருந்து வருகின்றன? இன்ஸ்டாகிராமில் ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், மாதம் 10,000 சம்பாதியுங்கள்’ என்று வரும் செய்தியிலிருந்து. கல்லூரி மாணவர்கள் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘நான் யாரையும் ஏமாற்றவில்லையே’ என்பது அவர்கள் வாதம். போலீஸ் முதலில் வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். கணக்கு முடங்கும், வழக்கில் பெயர் ஏறும், கேம்பஸ் வேலை கைநழுவும். ஏமாந்தவர் பணத்தை இழக்கிறார். இவன் எதை இழக்கிறான் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆகும்.

போனபின் செய்யும் தவறுகள்

சித்தப்பா அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஏமாந்ததை உணர்ந்தார். என்னைக் கூப்பிட்டது இரவு எட்டரைக்கு. ‘ஏன்டா, நாளைக்குப் பேங்க்ல போய்க் கேட்டா ஆகாதா?’ என்றார். நடுவில் ஆறரை மணி நேரம், சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். மெசஞ்சர் உரையாடலையும் அழித்துவிட்டார், சித்தி கண்ணில் படக் கூடாதாம்.

பணம் ஒரு கணக்கில் நிற்பது சில நிமிடங்கள்தான். அதிலிருந்து ஐந்து, அந்த ஐந்திலிருந்து இருபது என்று பிரிந்து ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ கரைந்துவிடும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், அந்தச் சங்கிலியில் அடுத்தடுத்த வங்கிகளுக்குத் தகவல் போய், எந்த இடத்தில் பணம் இன்னும் நிற்கிறதோ அங்கே நிறுத்தி வைக்கிறார்கள். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியது, போன தொகை, நேரம், உங்கள் வங்கி, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண். ஜிபே, போன்பே எதுவானாலும் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் உள்ளே இருக்கும். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நீங்களே பதியலாம். அப்படியே வங்கிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, நீங்களே ஓடிபியைச் சொல்லிப் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு அனுமதியில்லாமல் போவது வங்கியின் பொறுப்பு. தெரிவித்த நேரம்தான் எல்லைக்கோடு.

இன்னொரு தவறு இதற்கப்புறம்தான் காத்திருக்கிறது. ஏமாந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினால், ‘எனக்கும் இப்படித்தான் போச்சு, இந்தச் சார்தான் மீட்டுக் கொடுத்தார்’ என்று கீழே ஒருவர் வருவார். அந்தச் சாருக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஏமாந்தவர்களின் பட்டியல் அந்தத் தொழிலில் விலை போகிற சரக்கு. சித்தப்பாவுக்கும் ஒரு வாரம் கழித்து, ‘சைபர் மீட்புத் துறை’ என்று ஒருவர் பேசினார், 4,999 கட்டினால் ஃபைல் நகரும் என்று.

அவர் கட்டவில்லை. 1930இல் பதிந்ததில், கேட் பாஸ் என்று கடைசியாகப் போன 12,000 இரண்டாவது கணக்கு ஒன்றில் நின்றிருந்தது. அது தானாக வந்துவிடவில்லை. நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்க, அப்போது புகார் எண்ணோடு நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்கி, அதை வங்கியில் கொடுக்க வேண்டியிருந்தது. சித்தப்பா கைப்பையில் நகல்களோடு மூன்று தடவை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்வந்தார். மூன்றாவது தடவை வராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் ஓய்வு பெற்ற வாத்தியார்தான். அவருக்கு அதே சோபா, அதே படம். ட்ரெட்மில்லும் சேர்த்து வாங்கியிருந்தார்.